ஓம் ஒரு பாடசாலை ஆசிரியர்



சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் "வீ சமன் ஐ ஆர்" என்று சொல்லிவிடும். ஒரு முக்கோணம் கீறி, மேலே அழுத்த வித்தியாசம், கீழே ஓட்டமும் தடையும். வேண்டியதை விரலால் மறைத்தால் விடை வந்துவிடும். பக்கத்தில் இன்னொரு முக்கோணம்: வலு, அழுத்த வித்தியாசம், ஓட்டம். இரண்டு மூன்று புள்ளிகள் உறுதி.

ஆனால் "ஓம்" யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்த விதியைக் கண்டுபிடித்த காலத்தில் அவர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருக்கவில்லை. எங்களைப் போல நேரசூசி பார்த்துக் கணிதமும் பௌதிகவியலும் படிப்பித்த ஒரு பாடசாலை ஆசிரியராக இருந்தார். இதைச் சொன்னால் ஆசிரியர்களே ஆச்சரியப்படுகிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜோர்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16ஆம் திகதி, இன்றைய ஜேர்மனியிலுள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தார். தகப்பன் பூட்டுச் செய்யும் தொழிலாளி. பெரிய படிப்பில்லை. ஆனால் தானாகவே கணிதம் கற்று, அதைத் தன் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தவர். ஏழு பிள்ளைகளில் மூன்று பேர்தான் வளர்ந்து ஆளானார்கள். ஓமுக்குப் பத்து வயதில் தாயும் இறந்துபோனார். தம்பி மார்ட்டின் பின்னர் பெயர் பெற்ற கணிதவியலாளரானார்.

1805இல் ஓம் பல்கலைக்கழகம் போனார். போன இடத்தில் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட் என்று பொழுது போனது. தகப்பனுக்குக் கடும் கோபம். மூன்று தவணைகளுடன் படிப்பை நிறுத்தவைத்து சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கியபோது ஓமுக்கு வயது 17. பிறகு தானாகவே படித்து 1811இல் எர்லாங்கனில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

பட்டம் கிடைத்தது, நல்ல உத்தியோகம் கிடைக்கவில்லை. 1813இல் பாம்பேர்க் நகரில் தரம் குறைந்த ஒரு பாடசாலையில் ஆசிரியர் வேலை. 1816இல் அந்தப் பாடசாலையே மூடப்பட்டது. 1817இல் கேத்திரகணிதம் கற்பிப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் பிரஷ்ய மன்னருக்கும் அனுப்பிவைத்தார். அந்த ஆண்டே கொலோன் நகரின் ஜெசுயிற் உயர் பாடசாலையில் இடம் கிடைத்தது. அங்கே நல்ல பௌதிகவியல் ஆய்வுகூடம் இருந்தது. பாடம் முடிந்த நேரங்களில் ஓம் அதற்குள் போனார். தகப்பனிடம் பழகிய கைவேலை இப்போது உதவியது. கருவிகளைத் தானே செய்துகொண்டார்.

அம்பியர்மானி இல்லாத காலம்

இன்று எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வோல்ற்றுமானியும் அம்பியர்மானியும் இருந்தால் தடையைக் கணிப்பது ஐந்து நிமிட வேலை. ஓமின் காலத்தில் அந்தக் கருவிகள் இல்லை. வோல்ற்று, அம்பியர் என்ற அலகுகளும் இல்லை. தடை என்பதை ஓர் எண்ணாகச் சொல்லலாம் என்ற எண்ணமே பரவியிருக்கவில்லை.

வோல்ற்றாவின் மின்கல அடுக்கு 1800இல் வந்தது. ஓட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்பும் என்பதை 1820இல் டென்மார்க்கின் எர்ஸ்ரெட் காட்டினார். ஆக, ஓட்டம் கூடுதலா குறைவா என்று பார்க்க ஓர் ஊசி கிடைத்துவிட்டது. ஆனால் மின்கலத்தின் "தள்ளும் பலம்", கம்பியில் பாயும் "அளவு", கம்பியின் "மறுப்பு" ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்பது பெரிய குழப்பமாகவே இருந்தது.

அந்தக் குழப்பத்தின் விலையைப் பாருங்கள். இங்கிலாந்தின் இராணுவக் கல்லூரி ஒன்றில் கற்பித்த பீற்றர் பார்லோ, நீண்ட கம்பி வழியாக மின்சாரத்தால் செய்தி அனுப்ப முடியுமா என்று 1825இல் ஆராய்ந்தார். 200 அடிக் கம்பியிலேயே ஊசியின் அசைவு மிகவும் குறைந்துவிட்டது. இது நடக்காத காரியம் என்று முடிவுகட்டினார். அவர் கண்ணால் கண்டது உண்மைதான். ஆனால் கம்பியின் தடை கூடும்போது, அதற்கேற்ப அழுத்த வித்தியாசத்தையும் கூட்டலாமே என்று கேட்க அவரிடம் சூத்திரம் இருக்கவில்லை. ஓமின் வேலையை அறியாமலே 1831இல் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி, பல மின்கலங்களைத் தொடராக இணைத்து, ஒரு மைலுக்கு மேற்பட்ட கம்பியினூடாக மணியடித்துக் காட்டினார். அவரும் அப்போது அல்பனி நகரில் ஒரு பாடசாலை ஆசிரியர்தான்!

இன்னொரு வியப்பு. 1781இலேயே இங்கிலாந்தின் ஹென்றி கவெண்டிஷ் இந்தத் தொடர்பை ஏறத்தாழக் கண்டுவிட்டார். உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களினூடாக மின்னைப் பாயவிட்டு, தன் உடம்பில் விழும் அதிர்ச்சியின் பலத்தைக் கொண்டு அளந்தார். அவருடைய உடம்புதான் அம்பியர்மானி! ஆனால் அவர் அதை வெளியிடவில்லை. மக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தொகுத்து அச்சிட்டது 1879இல். கிட்டத்தட்ட நூறு வருடம் அறிவு அலுமாரிக்குள் கிடந்தது.

கொதிநீரும் பனிக்கட்டியும்

ஓம் 1825இல் வெளியிட்ட முதல் கட்டுரையில் இருந்த சூத்திரம் சரியானதல்ல. காரணம் அவருடைய மின்கலம். அக்கால மின்கலங்கள் இணைத்த உடனே பலமாக இருந்து, நிமிடத்துக்கு நிமிடம் தளரும். கம்பியை மாற்றியதால் ஓட்டம் மாறியதா, மின்கலம் களைத்ததால் மாறியதா? பிரித்துச் சொல்ல முடியாது.

கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையின் ஆசிரியர் பொகென்டோர்ஃப் ஒரு யோசனை சொன்னார்: மின்கலத்தை விட்டுவிட்டு வெப்பமின் இணையைப் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு மூட்டைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் ஓட்டம் உண்டாகும் என்பதை 1821இல் சீபெக் கண்டிருந்தார்.

ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஒரு மூட்டைக் கொதிநீரில் வைத்தார். மற்றதைப் பனிக்கட்டியில் வைத்தார். எவ்வளவு எளிமை என்று யோசியுங்கள். கொதிநீரின் வெப்பநிலையும் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாது. ஆகவே தள்ளும் பலமும் மாறாது. மேலே ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். ஓட்டம் ஊசியைத் திருப்பும்போது, தொங்கும் இழையை எதிர்ப்பக்கம் முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ, அதுதான் ஓட்டத்தின் அளவு.

பிறகு ஒரே தடிப்பமான எட்டுச் செப்புக் கம்பிகளை எடுத்தார். நீளங்கள் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். 1826 ஜனவரியில் எடுத்த ஒரு தொகுதி வாசிப்பில், 2 அங்குலக் கம்பிக்கு ஊசி காட்டியது 326.75. 130 அங்குலக் கம்பிக்கு 48.5.

அவர் பொருத்திப் பார்த்த சூத்திரம் இது:

ஓட்டம் = 7285 ÷ (20.25 + கம்பியின் நீளம்)

நீங்களே கணிப்பானில் போட்டுப் பாருங்கள். 7285ஐ 22.25ஆல் பிரித்தால் 327.4. 7285ஐ 150.25ஆல் பிரித்தால் 48.5. இருநூறு வருடத்துக்கு முன்னர், பனிக்கட்டியும் கொதிநீரும் வைத்து எடுத்த வாசிப்பு இது.

இந்தச் சூத்திரத்தில் 20.25 என்பது கருவியின் மற்றப் பகுதிகளின் தடை, செப்புக் கம்பியின் அங்குலக் கணக்கில். 7285 என்பது தள்ளும் பலம். அது சரியா என்று பார்க்க, இரு மூட்டுகளுக்கும் இடையிலான வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைத்தார். மேலே உள்ள எண் மட்டும் குறைந்தது. கீழே உள்ள 20.25 அசையவில்லை. அப்படியானால் தள்ளுவது வேறு, தடுப்பது வேறு. இரண்டையும் முதன்முறையாக எண்களில் பிரித்துக் காட்டியாகிவிட்டது. எங்கள் பாடப்புத்தகத்தில் மின்னியக்க விசையை மொத்தத் தடையால் பிரிக்கிறோமே, அதன் மூலம் இதுதான்.

கிடைக்காத கதிரை

1826இல் ஓம் அரைச் சம்பளத்தில் ஒரு வருட விடுமுறை எடுத்துக்கொண்டு பேர்லினுக்குப் போனார். 1827இல் புத்தகம் வெளிவந்தது. வெப்பம் கடத்தப்படுவது பற்றி பிரான்சின் ஃபூரியே உருவாக்கிய கணிதத்தை மின்சாரத்துக்குப் பொருத்தி எழுதியிருந்தார். இதை வைத்து ஒரு பல்கலைக்கழகப் பதவி கிடைக்கும் என்பது அவர் நம்பிக்கை.

கிடைக்கவில்லை. போல் என்ற பௌதிகவியலாளர் கடுமையான விமர்சனம் எழுதினார். மற்றப் பலர் கண்டுகொள்ளவில்லை. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. புத்தகம் முழுக்கக் கணிதம். அக்கால ஜேர்மன் பௌதிகவியலாளர் பலருக்கு அந்தக் கணிதம் பழக்கமில்லை.

"ஓமை வேலையிலிருந்து துரத்தினார்கள்" என்று சில இடங்களில் எழுதியிருப்பதைக் காணலாம். அவரைத் துரத்தவில்லை. 1828இல் அவரே கொலோன் பதவியிலிருந்து விலகினார். பிறகு சில வருடங்கள் பேர்லினில் சிறு சிறு கற்பித்தல் வேலைகளில் காலம் தள்ளினார். 1833இல் நியூரம்பேர்க்கின் தொழினுட்பப் பாடசாலையில் இடம் கிடைத்தது.

மெதுவாக உலகம் அவர் பக்கம் திரும்பியது. 1831இல் லைப்சிக்கில் ஃபெஃக்னர் நீண்ட பரிசோதனைகளால் ஓமின் முடிவை உறுதிப்படுத்தினார். 1841இல் லண்டன் றோயல் சொசைற்றி தன் உயரிய கோப்லி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. அதே ஆண்டில் புத்தகம் ஆங்கிலத்திலும் வந்தது. 1843இல் வீற்ஸ்ரன் தடைகளை அளக்கும் முறைகளைப் பற்றி உரையாற்றியபோது, ஓமின் விதியை அடிப்படையாக வைத்தே பேசினார்.

தன் நாட்டில் அவர் ஆசைப்பட்ட பௌதிகவியல் பேராசிரியர் கதிரை எப்போது கிடைத்தது தெரியுமா? 1852இல், மியூனிக்கில். புத்தகம் வெளிவந்து 25 வருடம். 1854 ஜூலை 6ஆம் திகதி ஓம் காலமானார். இரண்டே வருடம்தான் அந்தக் கதிரையில் இருந்தார்.

இரண்டாவது முக்கோணம் வந்த வழி

ஓமின் விதி ஓட்டத்தைச் சொல்கிறது. வெப்பத்தைச் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் இங்கிலாந்தின் சல்போர்ட்டில் மதுபான உற்பத்திக் குடும்பமொன்றில் பிறந்த ஜேம்ஸ் ஜூல். அவரும் பேராசிரியர் அல்ல. 1840இல், 21 வயதில், கம்பிச் சுருளை நீருக்குள் வைத்து, ஓட்டம் பாயும்போது நீர் எவ்வளவு சூடாகிறது என்று வெப்பமானியால் அளந்தார். ஓட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அதாவது:

வலு = ஓட்டம் × ஓட்டம் × தடை

இங்கே ஓட்டம் × தடை என்பதற்குப் பதிலாக அழுத்த வித்தியாசத்தைப் போட்டால், வலு = அழுத்த வித்தியாசம் × ஓட்டம். இரண்டாவது முக்கோணம் தயார்.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இங்கே கேட்கும்: "சேர், ஒரு சூத்திரத்தில் தடை கூடினால் வலு கூடுது. அழுத்த வித்தியாசத்தின் வர்க்கத்தைத் தடையால் பிரிக்கிற சூத்திரத்தில் தடை கூடினால் வலு குறையுது. எது சரி?" இரண்டும் சரி. எது மாறாமல் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஓட்டம் மாறாதிருந்தால் தடை கூடக் கூட வெப்பம் கூடும். அழுத்த வித்தியாசம் மாறாதிருந்தால் தடை கூடக் கூட வெப்பம் குறையும். ஓம் பனிக்கட்டியையும் கொதிநீரையும் தேடிப் போனது இதே கேள்விக்காகத்தான். ஒன்றை நிலையாகப் பிடித்துக்கொள், மற்றதை மாற்று.

கணக்கை மதிக்காதவர்கள் பட்ட பாடு

1858இல் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியால் முதலாவது தந்திக் கம்பி போடப்பட்டது. பொறுப்பிலிருந்த வைற்ஹவுஸ் தொழிலால் ஒரு மருத்துவர். சமிக்ஞை தெளிவில்லை என்றதும் சுமார் 2000 வோல்ற்று வரை ஏற்றினார். ஏற்கனவே குறைபாடுள்ள காவலி அதைத் தாங்கவில்லை. சில வாரங்களில் கம்பி செத்துப்போனது. கணித வழியில் எச்சரித்திருந்த வில்லியம் தொம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, மென்மையான ஓட்டத்தை நுண்ணிய கருவியால் வாசிப்பதே வழி என்றார். 1866இல் வெற்றிகரமாகப் போடப்பட்ட கம்பியில் அவருடைய வழிதான் நின்றது.

இந்தத் தந்தி வேலைகளால்தான் எல்லோருக்கும் பொதுவான அலகு தேவைப்பட்டது. கடலுக்கடியில் கம்பி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே தடையை அளக்கவேண்டும். 1861இல் பிரித்தானியாவில் தடைக்கு நியமம் வகுக்க ஒரு குழு அமைந்தது. 1881இல் பாரிஸ் மாநாட்டில் ஓம், வோல்ற்று, அம்பியர் ஆகியன சர்வதேச அலகுகளாகின. வாற்று என்ற பெயரை 1882இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். 1889இல் அதுவும் ஏற்கப்பட்டது.

எடிசன் மின்குமிழைக் கண்டுபிடித்தார் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். குமிழைவிட முக்கியம் அதன் பின்னாலிருந்த கணக்கு. 100 வாற்று வலு வேண்டும் என்று வைப்போம். 1 ஓம் தடையுள்ள குமிழ் என்றால் 10 வோல்ற்று, 10 அம்பியர். 100 ஓம் தடையுள்ள குமிழ் என்றால் 100 வோல்ற்று, 1 அம்பியர். குமிழ் வரை வரும் கம்பியின் தடை 1 ஓம் என்றால், முதலாவதில் கம்பியில் வீணாவது 100 வாற்று. இரண்டாவதில் 1 வாற்று மட்டும்! இதனால்தான் எடிசனும் அவரிடமிருந்த கணிதவியலாளர் அப்டனும் உயர் தடையுள்ள இழையைத் தேடினார்கள். தாழ்ந்த தடை என்றால் நகரத்துக்கு வாங்கவேண்டிய செம்பின் விலையே திட்டத்தைக் கொன்றிருக்கும். 1882 செப்டெம்பரில் நியூயோர்க்கில் அவர்களது மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலைநாட்டு நீர்மின்சாரம் 132,000, 220,000 வோல்ற்றில் பயணம் செய்வதும் இதே கணக்கால்தான்.

வீட்டுக்குள் ஓம்

உங்கள் கேத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். 2000 வாற்று, 230 வோல்ற்று என்று இருக்கலாம். 2000ஐ 230ஆல் பிரித்தால் 8.7 அம்பியர். 230ஐ 8.7ஆல் பிரித்தால் சுமார் 26 ஓம். அளவிகள் எதுவுமில்லாமல் தடை கிடைத்துவிட்டது.

அதே வயரில் 1000 வாற்று அயனையும் சேர்த்துப் போட்டால் மொத்தம் 3000 வாற்று, 13 அம்பியர். 5 அம்பியருக்கான நீட்டிப்பு வயர் என்றால் என்ன நடக்கும்? தளர்ந்த ஒரு மூட்டில் அரை ஓம் தடை இருந்து, 10 அம்பியர் பாய்ந்தால் அந்த இடத்தில் 50 வாற்று வெப்பம். பிளக் உருகுவது, சுவரில் கருகல் வாசம் வருவது எல்லாம் இதனால்தான். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுந்து அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பிளக்கில் குத்தும் வீடுகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அழுத்த வித்தியாசத்தை ஓட்டத்தால் பிரித்தால் அந்த நேரத்துத் தடை கிடைக்கும், எந்தப் பொருளுக்கும். அந்த விடை மாறாமல் இருக்கும் என்பதுதான் ஓமின் விதி. அது வெப்பநிலை மாறாத உலோகக் கடத்திக்கே பொருந்தும். பழைய 60 வாற்று இழைக்குமிழ் எரியும்போது கணக்குப்படி சுமார் 880 ஓம். அணைத்து ஆறவைத்து அளந்தால் அதில் பத்திலொரு பங்குகூட இராமல் போகலாம். பரீட்சையில் "வெப்பநிலை மாறாதிருக்க" என்ற சொல்லுக்கு ஏன் புள்ளி என்று இப்போது விளங்கும்.

ஆசிரிய நண்பர்களே, நைக்குரோம் கம்பி, இரண்டு உலர் மின்கலம், ஓர் அம்பியர்மானி போதும். வேறு வேறு நீளத்துக்கு வாசிப்பு எடுக்கவிட்டு, பிள்ளைகளையே வரைபு கீறச் சொல்லுங்கள். முக்கோணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். மின்கலம் தளர்ந்து வாசிப்பு ஆடினால் கவலை வேண்டாம். ஓமுக்கும் 1825இல் அதேதான் நடந்தது. அதையே பாடமாக்கிவிடலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பூட்டுத் தொழில் செய்த ஒரு தகப்பன், இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கணிதம் சொல்லிக்கொடுத்தார். உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இன்று அந்த வீட்டின் பெயர் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளின் இல்மிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

உங்கள் வீட்டுக் கேத்தலின் தடை எவ்வளவு வந்தது? கீழே எழுதுங்கள், பார்ப்போம்.